பெர்த்தில் இருந்த ஆரணி

பிடோக்,
6 ஜூலை 2024

அக்கா,

நேற்றும் நான்கு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுப்பதாக இல்லை. எழுதுவதுதான் உனக்குக் கைவந்த வேலை. ஐந்து மாதம் என் பெயரில் ஊருக்கெல்லாம் எழுதியவள், இனி உன் பெயரில் எனக்கு எழுது. நானும் எழுதுகிறேன். தபாலில் போடும் சண்டை மெதுவாகத்தான் நடக்கும். இப்போதைக்கு எனக்கு அந்த வேகம்தான் ஒத்துவரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்ட ஆரம்பித்தால் மறந்துவிடுவேன். ஜனவரியில் சாப்பிடாமல், வேலைக்குப் போகாமல், படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளுக்காக நீ பெர்த்திலிருந்து பறந்து வந்தாய். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாய், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டாய், பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய். அதற்கு உன்மேல் கோபம் இல்லை. நீ வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், பிறகு அந்த மனநல மறுவாழ்வு இல்லத்தில் ஐந்து மாதம். வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன். யாராவது என் பெயரைக் கூப்பிட்டு மாத்திரையைக் கையில் கொடுப்பார்கள் என்று கால் தானாக நிற்கிறது. ஐந்தரைக்கு ராச்சாப்பாட்டுப் பசி வந்துவிடுகிறது. நேற்று கீழே காப்பிக்கடைக்குப் போனேன். பன்னிரண்டு சாப்பாட்டு ஸ்டால். இல்லத்தில் மீனா கோழியா என்று மட்டும்தான் கேட்பார்கள். கால் மணி நேரம் நின்றுவிட்டு பாலில்லாத ஒரு தே ஓ மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அங்கே மாலை மூன்றரைக்குத் தேநீரும் இரண்டு மாரி பிஸ்கட்டும் வரும். ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். யாருக்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. நேற்று துணி துவைத்தபோது எல்லாப் பையிலும் பிஸ்கட் தூள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ஹலீமா ஆன்ட்டி தேநீருக்குக் கூப்பிட்டார். அவர் குளிர்பதனப் பெட்டியில் ஐந்து போஸ்ட்கார்டு ஒட்டியிருக்கிறது. கறுப்பு அன்னம், கடற்கரை, இன்னும் என்னவோ. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. "வெயில்கூட இங்கே நம்மூர் மாதிரி உடம்பில் ஒட்டுவதில்லை ஆன்ட்டி" என்று நான் எழுதியிருக்கிறேன். கடலில் இறங்கிச் செருப்பைத் தொலைத்திருக்கிறேன். அந்த மாதத்தில் என் செருப்பு இல்லத்து வாசலில் என் நம்பர் ஒட்டின தட்டில் இருந்தது.

அடுத்த நாள் பல் கிளினிக்கிலிருந்து, என்கூட வேலை செய்யும் யும்னா போன் செய்தாள். "உங்க அக்காவோட இடுப்பு எப்படி இருக்கு? நடக்கிறாங்களா?" என்றாள். உனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி, உன்னைப் பார்த்துக்கொள்ள நான் பெர்த்துக்கு வந்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். மருத்துவ விடுப்பு வாங்கிவிட்டதாகத்தானே இல்லத்துக்குப் போன் செய்து என்னிடம் சொன்னாய்?

வியாழக்கிழமை உன் பார்சல். பன்னிரண்டு கோலாக் கரடி சாவி வளையம், நான்கு பெட்டி சாக்லேட், மேலே ஒரு சீட்டு: "கிளினிக்கில் ஆளுக்கொரு கோலா. ஹலீமாவுக்குச் சாக்லேட்." வெளிநாடு போய் வந்தவள் வெறுங்கையோடு வேலைக்குப் போகக்கூடாதாம். நல்லது. இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். யாராகப் போவது என்று நீயே சொல்லிவிடு.

ஆரணி

*

பெர்த்,
19 ஜூலை 2024

அன்புள்ள ஆரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

சரி, திட்டு. ஆனால் நானும் சொல்கிறேன், கேள். சம்பளமில்லா விடுப்புக்கு உன் முதலாளி டாக்டர் நிரஞ்சனா போனில் காரணம் கேட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நீ என்னை அடையாளம் தெரியாதவள்போல் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். வாயில் முதலில் வந்தது என் இடுப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால் கிளினிக்கில் உன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். நம் ஆட்களின் வாயும் உனக்குத் தெரியும். சிலோன் ரோடு கோயிலில் ஒருத்தியின் காதுக்குப் போனால் போதும், பிரசாதம் கொடுக்கும் முன்னால் அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட வேண்டும், ஆரணி. பெர்த்துக்குப் போனவள் ஒரு கார்டுகூடப் போடவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? அதனால்தான் எழுதினேன். உன் எழுத்தை எழுதுவது எனக்குப் புதிதா? பஃபலோ ரோடு வீட்டில் உன் தமிழ்க் கட்டுரை முழுக்க யார் எழுதியது? 'நான் ஒரு குடை' என்று நீ பரிசு வாங்கினாயே, அந்தக் குடை நான்தான். கணக்கில் முப்பத்தொன்று எடுத்து அழுதுகொண்டு வந்தபோது அப்பாவின் கையெழுத்தை யார் போட்டது? வி. விஸ்வலிங்கம் என்று எழுதி அடியில் இழுக்கும் அந்தக் கோட்டை அப்பாவே என்னைவிட நன்றாக இழுத்ததில்லை. நீ சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாய்.

அந்த வீடு அடிக்கடி ஞாபகம் வருகிறது. கீழே தேக்கா மார்க்கெட் திறக்கும் சத்தத்தில்தான் நாம் விழிப்போம். ஈரத்தரையில் வழுக்காமல் இருக்க நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வருவாய். ஆட்டுக்கறிக் கடையைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாய், நான் "தாண்டியாச்சு" என்று சொன்னால்தான் திறப்பாய். நான் சொல்வதை நீ அப்படியே நம்பின காலம் அது.

திங்கட்கிழமைக்குள் இது வந்து சேராது என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். கேட்டால் மூன்று விஷயம் போதும். கிங்ஸ் பார்க்கில் நடந்தேன். தீவுக்குப் போய் குவோக்கா பார்த்தேன், அது சிரிக்கிற மாதிரி முகமுள்ள சின்னப் பிராணி. மீன் பொரியலைக் கடற்புறா தூக்கிக்கொண்டு போனது. இடுப்பு இடது பக்கம். மறந்து வலது என்று சொல்லிவிடாதே.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் அக்கா,
பிரசாந்தி

*

பிடோக்,
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் நானே இடது என்று சொல்லிவிட்டேன். பாதி பாதி வாய்ப்பு, பிழைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போன முதல் நாள் ரயிலில் நடுவழியில் பாயா லேபாரிலேயே இறங்கிவிட்டேன். கூட்டம். நம்பர் கூப்பிடாமல் இத்தனை பேர் எப்படி ஒரே கதவுக்குள் போகிறார்கள் என்று தோன்றியது. பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து ரயிலை விட்டேன். ஆறாவதில் ஏறினேன். கிளமெண்டியில் இறங்கும்போது எட்டு ஐம்பது. பதினெட்டு வருடமாகப் போன வழி, வேர்த்துப் போய்விட்டது.

யும்னா கட்டிப்பிடித்தாள். என் கவுண்டர் அப்படியே இருந்தது, பல் செட் மாடல்கூடப் பழைய இடத்தில்தான். பின்னறையில் நீ எனக்காக எழுதின கார்டுகள் ஒட்டியிருந்தன. டாக்டர் நிரஞ்சனா அவற்றைப் படித்துச் சிரித்தாராம். "அந்தக் கடற்புறாக் கதையைச் சொல்லுங்க லா" என்றாள் யும்னா. கார்டில் இருந்ததைப் பார்த்தே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "கார்டுல எவ்ளோ ஜாலியா எழுதியிருந்தீங்க. நேர்ல ரொம்ப அமைதியாயிட்டீங்களே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கை கழுவும் முறை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை மூன்று தடவை படித்தேன்.

பெர்த்தில் இருந்த ஆரணி என்னைவிட நல்லவள் அக்கா. வேகமாகப் பேசுவாள், செருப்பைத் தொலைத்துவிட்டுச் சிரிப்பாள். எல்லோரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வந்து நின்றது நான். ஒவ்வொரு முகத்திலும் அந்தச் சின்ன ஏமாற்றத்தைப் பார்க்கிறேன். அந்த இல்லத்தில் ஐந்து மாதமாகப் படாதபாடு பட்டு நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இருக்கிறபடி சொல்வது. அதை முதல் நாள் காலையிலேயே விட்டுவிட்டேன். இப்படியே தினமும் அவளாக நடித்தால் கிறிஸ்மஸுக்குள் மறுபடி அங்கேயே போய்ப் படுப்பேன். இதை நான் உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

கோலாக்களைக் கொடுக்கவில்லை. மேசை டிராயரில் கிடக்கின்றன.

இன்னொன்று உன்னிடம் கேட்க வேண்டும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, சின்னம்மாவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவ அம்மா நான்கு மாதம் ஈப்போவுக்குப் போனாரே. அங்கிருந்து எனக்கு எழுதின பதினொரு கடிதங்களை இன்னும் டின்னில் வைத்திருக்கிறேன். இல்லத்துக்கு எடுத்துப் போக அனுமதித்த ஒரே சொந்தப் பொருள் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று படிப்பேன். "என்ர குஞ்சுக்கு" என்று ஒவ்வொன்றும் தொடங்கும். நம் வீட்டில் இத்தனை பொய் புழங்கினாலும் அந்தக் கடிதங்கள் மட்டும் உண்மை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் திரும்பி வந்த அம்மா என்னை ஒருநாளும் குஞ்சு என்று கூப்பிடவில்லை. நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். தலையைத் தடவி "வளந்திட்டாய்" என்றார், ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் காத்திருந்தேன். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லத்தில் கவுன்சலர் கேட்கும்போதெல்லாம் அங்கேயேதான் போய் நின்றேன். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது, நினைவிருக்கும். நான் என்ன செய்தேன்?

ஆரணி

*

பெர்த்,
15 ஆகஸ்ட் 2024

ஆரணிக்கு,

இங்கே குளிர் விடவில்லை. முற்றத்து எலுமிச்சையில் இந்த வருடம் காய் அதிகம். அத்தானுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. ஏழு வயதுப் பிள்ளை என்ன தப்புச் செய்யும்? அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது நேரமில்லை.

தேக்கா பக்கம் போனாயா? நம் பிளாக்குக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுது.

அக்கா

*

பிடோக்,
27 ஆகஸ்ட் 2024

அக்கா,

எலுமிச்சை காய்த்தது பற்றி மகிழ்ச்சி. நீ ஒரு பக்கத்துக்குக் குறைவாக எழுதி நான் பார்த்ததே இல்லை. எதையோ மறைக்கிறாய். எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனேன். ரயிலில் ஒரே மூச்சில், பாதியில் பயந்து இறங்காமல். நம் பிளாக்குக்கு நிறைய வண்ணம் அடித்திருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் மாடியில் நம் ஜன்னலில் யாரோ மூங்கில் கழியில் சின்னப் பிள்ளையின் பள்ளிச் சட்டை காயப்போட்டிருந்தார்கள். மார்க்கெட்டுக்குள் போய்க் கறிக்கடையைக் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினேன். பிறகு உனக்காகக் கொஞ்சம் அழுதேன். நீ அதிகம் சந்தோஷப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அங்கிருந்து மல்லிகை வாங்கிக்கொண்டு நேராக ஹலீமா ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. "ஆன்ட்டி, நான் பெர்த்துக்குப் போகவே இல்லை. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தேன். அந்தக் கார்டெல்லாம் என் அக்கா எழுதினது" என்று சொல்லிவிட்டேன். ரயிலில் நாற்பது தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தார். "எனக்கு மொத நாளே தெரியும், புள்ள. ஆம்புலன்ஸ் வந்தப்ப ஜன்னல் பக்கம்தான் நின்னேன். கதவைத் திறந்தா நீ கூச்சப்படுவேன்னு திறக்கல" என்றார்.

"அப்புறம் ஏன் கார்டை ஒட்டி வச்சீங்க?"

"இந்த மாடில எல்லாருக்கும் என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பாக்காம இருக்க முடியாதுலா. ஆரணி எங்கன்னு கேக்கறவங்களுக்கு அதைக் காட்டிடுவேன். ஒவ்வொரு கார்டு வரும்போதும் நெனச்சுக்குவேன், இந்தப் புள்ளைக்காக யாரோ ஒருத்தி உக்காந்து எழுதுறாளே, சும்மாவா எழுதுவா, அப்படின்னு."

அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் நீ குளிரில் மேசை விளக்கடியில் உட்கார்ந்து என் 'ழ'வை எழுதிப் பார்ப்பதை முதல்முறையாக யோசித்தேன். நீ என் எழுத்தில் என்னைச் சிரிக்க வைத்துப் பார்த்துக்கொண்டாய் போலிருக்கிறது.

இன்னும் டாக்டர் நிரஞ்சனாவிடம் சொல்லவில்லை. அது வேறு கஷ்டம். வேலை போகலாம்.

அம்மாவைப் பற்றி எழுது.

ஆரணி

*

பெர்த்,
8 செப்டம்பர் 2024

ஆரணி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன். இது ஐந்தாவது.

அம்மா ஈப்போவுக்குப் போகவில்லை. சின்னம்மாவுக்கு அந்த வருடம் பிள்ளையும் பிறக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், நீ இருந்த மாதிரி, அதே காரணத்துக்கு. சமைக்காமல், குளிக்காமல், ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உன்னைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வெளியே தெரிந்தால் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் நடக்காது என்று அப்பா பயந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

நீ தினமும் அழுதாய். மூன்றாம் வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "சின்னவள் அழுறாள். அம்மா எழுதுற மாதிரி நாலு வரி எழுதிக் குடு, பிள்ளை" என்றார். அம்மாவின் எழுத்தைப் பலசரக்குச் சீட்டிலிருந்து பழகினேன். சின்னம்மாவின் பழைய கடிதங்களிலிருந்து மலேசிய ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஒட்டினேன். ஆபீசுக்கு வந்ததாகச் சொல்லி அப்பா கொண்டுவந்து கொடுப்பார். பதினொரு கடிதமும் நான் எழுதியவை.

குஞ்சு என்ற சொல் அம்மாவுடையது இல்லை. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். அவர் தன் மகனை "என்ர குஞ்சு, ஓடி வா" என்று கூப்பிடுவது சுவர் வழியாகக் கேட்கும். எனக்கு அப்படி யாராவது கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. எனக்கு யாரும் எழுதவில்லை, ஆரணி. அதனால் எனக்கு வர வேண்டும் என்று நான் நினைத்ததை எல்லாம் உனக்கு எழுதினேன்.

அம்மா திரும்பி வந்ததும் நீ அந்தச் சொல்லுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், துணிச்சல் வரவில்லை. நான் எழுதின அம்மா நன்றாக இருந்தாள், அதனால் வந்த அம்மா உனக்குக் குறைவாகத் தெரிந்தார். இப்போது பெர்த் ஆரணியைப் பற்றி நீ எழுதினதைப் படித்தபோது, ஐம்பத்திரண்டு வயதில் அதையே மறுபடி செய்திருக்கிறேன் என்று புரிந்தது. உதவி என்று நினைத்துத்தான் இரண்டு முறையும் செய்தேன்.

இன்னும் ஒன்று. உன் முதல் கடிதத்தில் சட்டைப் பை பிஸ்கட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் அம்மாவைப் பார்க்கப் போவோம். அம்மா அதிகம் பேச மாட்டார். கிளம்பும்போது பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றின ஒரு மாரி பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்து, "இது சின்னவளுக்கு" என்பார். தேநீருக்குக் கொடுத்ததில் எடுத்து வைத்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஈப்போவில் இருக்கும் அம்மாவின் பிஸ்கட்டை உனக்கு எப்படிக் கொடுப்பது? நான் திரும்பும் பஸ்ஸில் அதைத் தின்றுவிடுவேன். பதினாறு ஞாயிறு.

அம்மாவுக்கு உன்மேல் ஆசை இருந்தது. அது உனக்கு வந்து சேராமல் செய்தவள் நான். அம்மா போய்ப் பதினைந்து வருடமாகிறது, அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன்.

பிரசாந்தி

*

பிடோக்,
6 அக்டோபர் 2024

அக்கா,

மூன்று வாரம் எழுதவில்லை. பதில் வராதா என்று நீ தவித்திருப்பாய். தவிக்கட்டும் என்றுதான் முதல் வாரம் இருந்தேன். இரண்டாம் வாரம் தூக்கம் கெட்டது, இல்லத்திலிருந்து வாரம் ஒருமுறை என்னைப் பார்க்க வரும் கேஸ் வொர்க்கரிடம் மறைக்காமல் சொன்னேன், இப்போது பரவாயில்லை. பயப்படாதே.

டின்னைத் திறந்து பார்த்தேன். ஸ்டாம்பின் மேல் அரை வட்டமாக முத்திரை இருக்கிறது. உறையில் மீதி அரை வட்டம் இல்லை. நூறு தடவை கையில் எடுத்திருப்பேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை. நம்ப வேண்டும் என்று இருந்தால் எதுதான் கண்ணில் படும்.

கோபம் வந்தது, நிறைய வந்தது. முப்பத்தொன்பது வருடம் அக்கா. அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போனது எதனால் என்று அத்தனை வருடமும் தேடினேன். பிடிக்காமல் போகவே இல்லை. எழுந்து நிற்கவே தெம்பில்லாத நிலையில் எனக்கென்று ஒரு பிஸ்கட்டை எடுத்து வைத்திருக்கிறார். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி ஒரு தேநீர் நேர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலோரம் பேசாமல் இருந்த அம்மாவை இப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஒரு பக்கம் திட்டி எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "எனக்கு யாரும் எழுதவில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பதின்மூன்று வயதுப் பெண் ஸ்டாம்பை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இல்லத்தில் என்னைப் பிடித்து நிறுத்தின பதினொரு கடிதமும் அவள் எழுதினது. கவுன்சலரிடம் என் அம்மா என்னை எப்படிக் கூப்பிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன், கூப்பிட்டது நீ. திட்டின பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் நிரஞ்சனாவிடம் சொன்னேன். கடைசி நோயாளி போனபிறகு, கதவைச் சாத்தாமலே. அவர் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "உண்மையைச் சொல்லியிருந்தா வேலையை விட்டு எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா, ஆரணி?" என்றார். ஆமாம் என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு, "எடுத்திருக்க மாட்டேன்னு இப்ப ஈஸியா சொல்லிடலாம். எனக்கே தெரியல" என்றார். வேலை இருக்கிறது. மருந்து அலமாரிச் சாவி முன்பு என்னிடம் இருக்கும், அது இன்னும் திரும்பி வரவில்லை. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வலி என் சொந்தப் பெயருக்கு வந்தது.

கதவுக்கு வெளியே எல்லாவற்றையும் கேட்ட யும்னா அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் நேரடியாகக் கேட்டாள், "இப்ப சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா?" என்று. "சாப்பிடுறேன். தூக்கம் பாதி" என்றேன். அவ்வளவுதான். கார்டுகளை அவளே கழற்றி என்னிடம் கொடுத்தாள். தூக்கிப் போடவில்லை, டின்னில் வைத்திருக்கிறேன், மற்ற பதினொன்றோடு.

சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குப் போட்டுவிட்டார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன அதே நடைபாதை, அதே தள்ளுமுள்ளு. பன்னிரண்டு கோலாவும் இன்னும் டிராயரில்தான் இருக்கின்றன. பெர்த்திலிருந்து வருகிறவள் நீதான், நீயே வந்து கொடு. என் அக்கா வருகிறாள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டேன். நொண்டாமல் வா.

ஆரணி

*

போஸ்ட்கார்டு; பின்பக்கம் கறுப்பு அன்னம்.

பெர்த், 14 அக்டோபர்

என்ர குஞ்சுக்கு,

29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறேன். அத்தான் அடுத்த வாரம் வருவார். வாசலுக்கு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் நானே வந்துவிடுவேன், இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பிஸ்கட்டைக் கொண்டு வருகிறேன். பதினாறும்.

இதை எழுதியது,
உன் அக்கா பிரசாந்தி